ஒரு வரிசைதான் பாக்கி

எங்கள் மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் என்னைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அவர் அப்படி இல்லை. அவருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், என் மகள். அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குள் வேலைக்குப் போகிறோம் என்று சொன்னதும், துவைத்த துணியில் பாதியைக் கொடியில் போட்டபடியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"கடலுக்குள்ள என்ன தரை போடற வேலை? மீனு வீடு கட்டுதா?"

"மீனு இல்ல கண்ணு, பவளம்."

"யாருகிட்டப்பா கதை விடுறீங்க?"

கதை இல்லை. கல்லூரியில் கடல் பாடம் நடத்துகிற ஓர் அம்மா இருக்கிறார். நாங்கள் டீச்சர் என்போம். கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு பவளத் திட்டு உண்டு. எப்போதும் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கும். அமாவாசையை ஒட்டிய ஓரிரு நாள் மட்டும், தண்ணீர் ரொம்ப வற்றும்போது, கொஞ்ச நேரம் முதுகைக் காட்டும். அந்தத் திட்டில் பாதி செத்துப்போய்விட்டதாம். சொரசொரப்பான சிமென்ட் வில்லைகளைப் பாறையில் ஒட்டிவைத்தால், தண்ணீரில் மிதந்து வருகிற பவளக் குஞ்சுகள் அதில் உட்கார்ந்து வளருமாம். வில்லைகளை வார்த்துக் கொடுத்தது நான். நான் கலவைக்காரன், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சிமென்டும் மணலும்தான். ஒட்டுகிறதற்குக் கை சுத்தமான ஆள் வேண்டும் என்றார் டீச்சர். தரை ஓடு போடுவதில் எங்கள் மாப்பிள்ளையைப் போல நூல் பிடித்தாற்போல் வேலை செய்கிற ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். அவர் முன்னால் மட்டும் சொன்னதில்லை.

"பூச்சிக்கு வாடகை வீடு கட்டப் போறோம்" என்றார் மாப்பிள்ளை. என்னிடம் இல்லை, மகளிடம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு அவராக ஆசைப்பட்டுத் தரை போட்டார். எல்லாம் அழகு, வாட்டம் மட்டும் தப்பிவிட்டது. தண்ணீர் மூலையில் இருக்கிற ஓட்டைக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றுகொள்ளும். நான் வாயைத் திறக்கவில்லை. குளித்து முடித்ததும் துடைப்பத்தால் சரக் சரக்கென்று தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவேன், அவ்வளவுதான். அந்தச் சரக் சரக் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, உடைச்சுட்டு மறுபடி போட்டுத் தந்துடறேன்னு" என்றார் மகளிடம்.

"அதெல்லாம் வேணாம், எனக்குப் பழகிப்போச்சுன்னு சொல்லும்மா" என்றேன் நானும் மகளிடம்.

இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னோம். மரியாதையாகவே பேச்சு நின்றுபோனது. அப்புறம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, உப்பு வேணுமான்னு கேளு, போதும்னு சொல்லு என்று அவள் தலைக்கு மேலேயே எல்லாம் போய்வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரி ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஒரே பாஷை பேசற ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர். இந்த அதிசயம் நம்ம வீட்டுலதான்."

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். "அப்பா, அவரைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்க." பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்க அப்பா சொல்றதைக் கேட்டு நடங்க" என்றாள்.

"சொன்னால்ல கேக்கறதுக்கு" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

படகுத்துறையில் ஒட்டடைக்குச்சி காத்திருந்தான். படகுக்காரனுக்கு அதுதான் பேர். ஆள் அப்படி நெட்டையாக, தலையில் மட்டும் ஒரு கொத்து முடியோடு இருப்பான். சிமென்ட் மூட்டை, வில்லைச் சாக்குகள், இரும்புச் சட்டி, கம்பி பிரஷ், கரணை, ரப்பர் சுத்தி, நல்ல தண்ணீர்க் கேன் என்று நாங்கள் ஏற்ற ஏற்ற அவன் முகம் கோணிக்கொண்டே போனது.

"அண்ணே, வீட்டையே ஏத்திட்டீங்களே. கதவு, ஜன்னல் பின்னாடி வருதா?"

"உன்னைத்தான் தூணா நிறுத்தலாம்னு இருக்கோம், ஏறு" என்றேன்.

டீச்சர் சிரித்தார். சின்ன உருவம், வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் ஒரு விசில். படகு கிளம்பியதிலிருந்து மாப்பிள்ளை இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முழங்கால் வலியால் பிடித்திருப்பதுபோல அவ்வப்போது முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

கரை மறைந்தது. வெகுநேரம் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம் பழுப்பாக ஒரு கோடு. கிட்டப் போகப் போகக் கோடு பட்டையானது, பட்டை தரையானது. ஒட்டடை திட்டின் ஓரத்தில் ஆழமாக வெட்டு விழுந்த ஓர் இடத்தில் படகை நுழைத்து நங்கூரம் போட்டான். இறங்கி நின்றோம்.

படத்தில் பார்த்த பவளம் மாதிரி கலர் கலராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒரு பெரிய கட்டடத்தை இடித்து, தளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. பொத்தலும் பொருக்குமாக, காலுக்குக் கீழே மொறுமொறுவென்று. திட்டு முழுக்க ஒரு மெல்லிய படபடப்புச் சத்தம். அடுப்பில் உப்பைப் போட்டால் வெடிக்குமே, அதுமாதிரி. சின்னச் சின்ன இறால்கள் பொந்துக்குள் இருந்து போடுகிற சத்தம் என்றார் டீச்சர். குழிகளில் தேங்கிய தண்ணீர் வெந்நீராகச் சுட்டது. ஒரு குழியில் கறுப்பாக, ஈரமான காலுறைக்குள் மண்ணை அடைத்தாற்போல ஒன்று கிடந்தது. அதற்கும் உயிர் இருக்கிறதாம். மாப்பிள்ளை விரலால் ஒரு சிப்பியின் உதட்டைத் தொட்டார். அது பட்டென்று மூடிக்கொண்டது. இவர் மூன்றடி தள்ளி நின்றார்.

சுற்றிலும் கடல், நடுவில் நான் கால் நனையாமல் நிற்கிறேன். பயப்பட வந்தவனுக்குப் பயம் மறந்துபோய்விட்டது. அதுதான் அந்த இடத்தின் வேலை போலிருக்கிறது.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் டீச்சர். "தண்ணி திரும்பினதும் விசில் அடிப்பேன். கையில என்ன இருந்தாலும் அப்படியே போட்டுட்டு படகுக்கு வந்துரணும்."

"தங்கமே இருந்தாலும்" என்றான் ஒட்டடை. "இங்க தண்ணி ஓரத்துல இருந்து வராது. அடியில இருந்து, பின்னாடியில இருந்து, எங்கிருந்து வருதுன்னே தெரியாது. கடன்காரன் மாதிரி."

நாங்கள் தலையாட்டினோம். எல்லாக் கட்டடத்திலும் முதல் நாள் இப்படித் தலையாட்டியவர்கள்தான் நாங்கள்.

டீச்சர் படகுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, இதிலிருந்து வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும் என்று காட்டினார். தரை ஓடு போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அறையின் கடைசிச் சுவரில் ஆரம்பித்து, ஒட்டிய ஓட்டைப் பார்த்தபடியே, குந்தியவாக்கில் பின்னாலேயே நகர்ந்து வருவார்கள். கடைசி ஓடு வாசலில் முடியும். எழுந்து வெளியே வந்துவிடலாம், போட்டது மிதிபடாது. இங்கே சுவரும் இல்லை, வாசலும் இல்லை.

"வாசல் எதுன்னு வச்சுக்கறது?" என்று கேட்டார் மாப்பிள்ளை ஒட்டடையிடம்.

"கடல்ல ஏது மாப்ள வாசல்? மேல பாருங்க, அதான் வாசல்" என்று வானத்தைக் காட்டினான் அவன்.

மூட்டையெல்லாம் படகுப் பக்கம் இறங்கியிருந்ததால் மாப்பிள்ளை கயிற்றடியில் குந்தினார். கம்பி பிரஷ்ஷால் பாறையின் பாசியைத் தேய்த்து, கலவை வைத்து, வில்லையை அழுத்தி, சுத்தியால் ஒரு தட்டு. அப்படியே பின்னால் ஒரு நகர்வு. படகைப் பார்த்த முகம், கடலைப் பார்த்த முதுகு. எங்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பழகின வேலையைப் பழகின மாதிரி செய்கிறார், அவ்வளவுதான்.

நான் சட்டியில் கலவை குழைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீக்கிரம் இறுகுகிற கலவை. குழைத்தால் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோக வேண்டும். அவர் வாங்கி வைத்துக்கொள்வார். "கெட்டியா இருக்கு" என்பார், சட்டியைப் பார்த்து. அடுத்த தடவை கொஞ்சம் இளக்கமாகக் குழைப்பேன். சட்டிக்கு மட்டும் வாய் இருந்தால் எங்களுக்கு மகளே தேவைப்பட்டிருக்காது.

திட்டின் நடுவில் தாழ்வாக ஒரு பள்ளம் வாய்க்கால்போல ஓடியது. பாதம் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். ஈரத்தில் வில்லை ஒட்டாது என்று மாப்பிள்ளை அதைத் தாண்டி, அந்தப் பக்கம் மேட்டில் மறுபடி வரிசையைத் தொடங்கினார். நானும் நாலைந்து எட்டில் அதில் இறங்கி ஏறிக் கடைசிச் சட்டிக் கலவையும் ஒரு சாக்கு வில்லையும் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது பள்ளத்துத் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்தபடியே இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிடலாம் என்று வாய் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? வீட்டுப் பழக்கத்தில், "போதும்னு யாராவது சொன்னாத் தேவலை" என்று காற்றைப் பார்த்துச் சொன்னேன். காற்று அதை வாங்கிக்கொண்டு அது பாட்டுக்குப் போனது.

விசில் அடித்தது.

நானும் டீச்சரும் சாமான்களை அள்ளினோம். ஒட்டடை நங்கூரக் கயிற்றைத் தளர்த்தினான். மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். கேட்டிருக்கிறது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

கட்டட வேலை செய்கிற எவனுக்கும் அந்த விரல் தெரியும். ஒரு வரிசைதான் பாக்கி. மணி அடித்தாலும், மேஸ்திரி கத்தினாலும், மழை வந்தாலும், பாதி வரிசையில் கரணையைப் போட்டுவிட்டு எழுந்தால் இரவெல்லாம் அந்தப் பாதி கண்ணுக்குள் நிற்கும். நானே ஆயிரம் தடவை அந்த விரலைக் காட்டியிருக்கிறேன்.

டீச்சர் விசிலை விடாமல் ஊதினார். மாப்பிள்ளை கடைசி வில்லையைத் தட்டிவிட்டு எழுந்தார். இடுப்பைப் பின்னால் வளைத்துச் சோம்பல் முறித்தார். நடந்து வந்தார். பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

அது பள்ளமாக இல்லை. ஆறாக இருந்தது. ஒருபக்கமிருந்து கடல் அதற்குள் புகுந்து, சுழித்துக்கொண்டு, மறுபக்கம் பாய்ந்தது. திட்டின் மேடு இன்னும் காய்ந்துதான் கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் அவரை எங்களிடமிருந்து அறுத்துவிட்டது. அவர் ஒரு காலை வைத்துப் பார்த்தார். இடுப்பு வரை போய், ஆள் சாய்ந்து, பாறை நுனியைப் பிடித்துத் தொற்றி ஏறினார். முழங்கால் சிவப்பாகத் தெரிந்தது.

நான் சட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். ஒட்டடை பின்னாலிருந்து என் இடுப்புத் துண்டைப் பிடித்தான்.

"நீச்சல் தெரியுமாண்ணே?"

"விடுடா!"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நில்லுங்க. ஒருத்தரைத் தூக்கறதா, ரெண்டு பேரைத் தூக்கறதா நான்?"

"நீ நீந்திப் போயேன்!"

"நான் போயிருவேன். அவரை இழுத்துட்டு வரும்போது ரெண்டு பேர் தோலும் அந்தப் பாறையிலதான் இருக்கும். கத்தி மாதிரி இருக்கு ரெண்டு பக்கமும்." அவன் குரலில் விளையாட்டு போயிருந்தது. "படகுலதான் போகணும். ஆனா இந்த மேட்டு மேல படகு மிதக்கணும்னா முட்டிக்கு மேல தண்ணி வேணும். தண்ணி ஏறட்டும்."

"ஏறினா அவர் முழுகிடுவாருடா!"

"ஏறலைன்னா நம்ம போக முடியாது."

டீச்சர் படகிலிருந்த மிதவைச் சட்டையை எடுத்துக் கயிற்றில் கட்டி வீசிப் பார்த்தார். பாதியில் விழுந்தது, பள்ளம் அதை வாரிக்கொண்டு போனது. அவர் மறுபடி இழுத்துச் சுருட்டினார். மறுபடி வீசினார்.

மாப்பிள்ளை மேட்டில் அங்கும் இங்கும் நடக்க ஆரம்பித்தார். கடக்க இடம் தேடுகிறார். ஒட்டடை வாயைக் குவித்துக் கத்தினான்: "நடக்காதீங்க! அங்கேயே நில்லுங்க!" காற்று எதிர்க் காற்று. அவர் காதில் கையை வைத்துக் கேட்கவில்லை என்றார். மறுபடியும் பள்ளத்தில் கால் வைக்கப் போனார்.

கான்கிரீட் போடுகிற நாளில் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது. அன்றைக்கு எல்லாப் பேச்சும் கையில்தான். என் கை தானாகத் தலைக்கு மேலே போனது. விரல்களை இறுக்கி முட்டியாக்கிக் காட்டினேன். நில், அசையாதே.

அவர் கால் அந்தரத்தில் நின்றது. பின்வாங்கினார். தன் கையையும் முட்டியாக்கித் தூக்கிக் காட்டினார். சரி.

ஆறு மாதம் கழித்து நாங்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

அடுத்து, ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்றை வைத்து, ஒன்று மாற்றி ஒன்று உயர்த்தினேன். அடுக்கு. அவர் சுற்றிப் பார்த்தார். சாக்கில் மீதியிருந்த வில்லைகள், மிச்சக் கலவை இறுகிப்போன கட்டிகள். எங்கள் பக்கத்தைவிட அந்தப் பக்கம் தாழ்வு; அதில் இருப்பதிலேயே உயரமான இடத்துக்கு அவற்றை இழுத்துப் போய் அடுக்க ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் மனுஷன் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே வைக்கவில்லை. செங்கல் வைக்கிறதுபோல மாற்றி மாற்றி, இணைப்பு விழாமல் அடுக்கினார். மேலே ஏறி நின்றார்.

திட்டு மூழ்க ஆரம்பித்தது. ஒட்டடை படகுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உருண்டைப் பாறையைக் காட்டினான். "அந்த மொட்டைத் தலை முழுகட்டும். முழுகினதும் கிளம்பிடலாம்."

நாங்கள் படகில் ஏறி அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் ஒரு கண் அந்தப் பாறை முழுக வேண்டும் என்று வேண்டியது. இன்னொரு கண் அவர் முழுகக் கூடாது என்று வேண்டியது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர். யாரிடம் என்ன என்று வேண்டுவது?

அவர் காலடி நனைந்தது. பிறகு முழங்கால். அவர் என் பக்கம் பார்த்து, வயிற்றின் மேல் கையை வைத்து ஒரு வட்டம் போட்டார். பிறகு விரலால் என்னைக் காட்டினார். அந்தச் சைகை எந்தக் கட்டடத்திலும் கிடையாது. ஆனாலும் எனக்குப் புரிந்தது. அவளையும் பிள்ளையையும் பார்த்துக்கங்க.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. எழுந்து நின்று இரண்டு கையையும் விசிறினேன். முடியாது, நீங்களே வந்து பாருங்க. வாயாலும் கத்தினேன். கேட்டிருக்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்த மாதிரி இருந்தது.

"முழுகிருச்சு" என்றார் டீச்சர்.

ஒட்டடை மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழியை ஊன்றினான். படகு மேட்டின் மேல் ஏறியது. அடியில் கரகரவென்று சத்தம், பல் கூசியது. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. "முன்னாடி வாங்க ரெண்டு பேரும்!" என்றான். நாங்கள் முன்பக்கம் தாவினோம். பின்னால் வந்த ஓர் அலை படகைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது. பள்ளத்தின் மேல் போகும்போது படகு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடியது. ஒட்டடையின் கழுத்து நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்தது. "நெட்டைக் கழுதை, ஊன்றுடா, ஊன்று" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஊன்றினான். தாண்டினோம்.

மாப்பிள்ளைக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு அலைக்கும் அவர் கையை விரித்து, கயிற்றில் நடக்கிறவர்போல ஆடினார். நான் படகுக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டு சட்டைக் காலரைப் பிடித்தேன். டீச்சர் அக்குளில் கை கொடுத்தார். மூட்டை ஏற்றுகிற மாதிரி உள்ளே இழுத்துப் போட்டோம். என் மேலேயே விழுந்தார். என் வாயெல்லாம் அவர் தலை முடி.

படகு ஆடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். பல் தந்தியடித்தது. "மாமா... கடைசி வரிசை... நேரா வந்திருக்கு."

"நேரா வந்து என்ன மாப்ள? அதை யாரு பாக்கப் போறா?"

"பவளம் பாக்கும்ல."

ஒட்டடை கழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். நெட்டை உடம்பு முழுக்கக் குலுங்கியது. டீச்சர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். "நான் வந்து உங்களைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். "விசிலை நம்பிட்டேன்."

"நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க" என்றான் ஒட்டடை. "எமனே வந்திருந்தாலும் இவரு ஒரு விரலைத்தான் காட்டியிருப்பாரு. பாவம், அவரும் ஓரமா நின்னுருப்பாரு."

டீச்சர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். மாப்பிள்ளையால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்கவைத்தேன். இனிப்புக் கொட்டிக் கிடந்தது அந்த டீயில். மிச்சத்தை நான் குடித்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு டீ குடித்ததில்லை.

"அண்ணே" என்றான் ஒட்டடை.

"என்னடா?"

"இனிமேலாவது சட்டையை விடுங்க. அவரு எங்க போயிருவாரு?"

குனிந்து பார்த்தேன். என் இடது கை இன்னமும் மாப்பிள்ளையின் காலரை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

திட்டு முழுக்க முங்கிவிட்டது. அங்கே தரை ஒன்று இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பச்சைத் தண்ணீரில் சிமென்ட் வில்லைகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக, வரிசை பிசகாமல் தெரிந்தன. இறால்களின் படபடப்பு இப்போது படகின் அடியில் கேட்டது. ஒரு சின்ன மீன், நீலத்தில், ஒரு வில்லையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"குடி வந்தாச்சு" என்றார் மாப்பிள்ளை.

கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டே வந்தோம். எதைப் பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கலவை கெட்டியாக இருந்தது பற்றி, கம்பி பிரஷ் தேய்ந்தது பற்றி, ஒட்டடைக்கு ஏன் இன்னும் பெண் கிடைக்கவில்லை என்பது பற்றி. கரை கண்ணில் பட்டதும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, வீட்டுல என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஏழு மாசக்காரி. போனோம், ஒட்டினோம், வந்தோம்."

"முழங்கால்?"

"பாறையில வழுக்கிட்டீங்க. கடல்னா வழுக்காதா?"

"ஆமா, வழுக்கும்."

முழங்காலில் டீச்சர் மருந்து வைத்துக் கட்டிவிட்டிருந்தார்; அந்தக் கட்டு தெரியாமல் மாப்பிள்ளை வேட்டியை இறக்கி மறைத்தார். துறைக் குழாயில் உப்பெல்லாம் போக முகம், கை கால் கழுவினோம். தலையைத் துவட்டினோம். நான் அவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். மழையில் நனைந்து காய்ந்த கோழி மாதிரி இருந்தார். பரவாயில்லை, போதும் என்று கிளம்பினோம்.

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றிருந்தாளோ, கால் இரண்டும் வீங்கியிருந்தது. எங்களை மேலும் கீழும் பார்த்தாள். நானும் மாப்பிள்ளையும் ஒன்றும் நடக்காதவர்களைப்போல உள்ளே நுழைந்தோம்.

"மாப்ள, முதல்ல நீங்க குளிச்சுட்டு வாங்க" என்றேன்.

"இல்ல மாமா, உங்களுக்குத்தான் முதுகு வலி. நீங்க போங்க, நான் அப்புறம் குளிக்கிறேன்."

"அட, போங்கன்னா."

"நீங்க போங்க மாமா."

அடுப்படியில் என் வீட்டுக்காரியின் கையிலிருந்த கரண்டி நின்றது. மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சு?" என்றாள்.

"என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கலை" என்றேன்.

"வேலை நல்லா முடிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

"பொய் சொல்லாதீங்க. ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறீங்க. யாரு சாகப் பாத்தது, அதை மட்டும் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மெதுவாக ஒரு விரலைத் தூக்கித் தன்னைக் காட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். துருவித் துருவி எல்லாவற்றையும் எங்கள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். நீச்சல் தெரியாத ரெண்டு பேர் என்று ஆரம்பித்து, விசில் அடித்தும் வரிசை போட்ட புத்தியைத் திட்டி, கூப்பிட வாய் இருந்தும் கூப்பிடாத வாயைத் திட்டி, தரையைத் திட்டி, கடலைத் திட்டி, பவளத்தையும் விடவில்லை. நடுவில் அழுதாள், அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி திட்டினாள். எழுந்து அவர் வேட்டியை விலக்கிக் கட்டைப் பார்த்தாள், அதற்கு ஒரு சுற்று. அவள் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "நல்லாக் கேளு, இன்னும் கேளு" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போலத் தலையைத் தொங்கவிட்டு நின்றோம். அவர் தோள் என் தோளில் இடித்தது. இன்னும் ஈரம் காயாத சட்டை; ஆனால் உள்ளே உடம்பு சூடாக இருந்தது.

அவள் திட்டத் திட்ட என் உடம்பிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறங்கிக்கொண்டே வந்தது. நிறுத்திவிடப் போகிறாளே என்றுதான் இருந்தது எனக்கு.